டிரையர் அடுப்பும் தலைவலியும்: ராத்திரி ஷிப்டுல மட்டும் ஏன்?

லிந்துலை_அடுப்பு · செவ்வாய், காலை 7.15

வணக்கம் எல்லாருக்கும். இப்பதான் ஷிப்டு முடிஞ்சி வந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே எழுதுறேன். பிழை இருந்தா மன்னிச்சிக்கங்க.

நான் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோருல, அதாவது தேயிலை பண்ற பெக்டரியில, தேயிலை காய வைக்கிற டிரையர் அடுப்புக்கு விறகு போடுறவன். பதினோரு வருசம் ஆச்சு. தோட்டத்துப் பேரு வேணாம். முன்னாடி இருந்தது பழைய அடுப்பு, வாயைத் தொறந்து சவுக்குக் கட்டையைத் தள்ளி விடுவோம். கண்ணெல்லாம் எரியும், இருமல் நிக்காது. போன வருசம் அதைக் கழட்டிட்டு கேஸிபயர்னு ஒண்ணைக் கொண்டாந்து வச்சாங்க. ரெண்டு ஆள் உயரத்துக்கு இரும்புப் பீப்பா, மேல மூடி. துண்டு துண்டா வெட்டுன விறகை மேல இருந்து கொட்டி மூடிறணும். உள்ளுக்கு அரையும் குறையுமா எரிஞ்சி கேஸாகி, குழாய் வழியாப் போயி அந்தப் பக்கம் பர்னருல எரியும். விறகும் மிச்சம், புகையும் இல்ல. பொய் சொல்லக் கூடாது, மொத மாசம் நாங்க எல்லாரும் சந்தோசமாத்தான் இருந்தோம்.

இப்ப பிரச்சினை என்னான்னா, ராத்திரிக்கு நிக்கிற மூணு பேருக்கும் ஒரே மாதிரி தலைவலி. ரெண்டு பொட்டுலயும் கயிறு போட்டு இறுக்குன மாதிரி. ரெண்டு மணி போலத் தொடங்கும், மூணுக்கெல்லாம் வயித்தைக் குமட்டும். காலையில வீட்டுக்கு நடக்கிறப்ப அந்த மேடு ஏறி முடியிறதுக்குள்ள பாதி கொறைஞ்சிரும். டிஸ்பென்சரிக்குப் போனா ரெண்டு பெனடோல். விரல்ல கிளிப்பு மாட்டிப் பாத்து 98, நல்லாத்தான் இருக்குன்றாங்க.

போன வெள்ளி எங்க கூட நிக்கிற தம்பி மூடியைத் தொறந்து விறகு கொட்டப் போனவன், படியிலயே முழங்காலு மடங்கி உக்காந்துட்டான். கூப்பிட்டாலும் பேச்சில்ல. வெளியில தூக்கிட்டு வந்து போட்டு பத்து நிமிசம் கழிச்சித்தான் கண்ணை முழிச்சான். தொரை காதுக்குப் போச்சு. "ராவெல்லாம் போனை நோண்டுனா இப்பிடித்தான்"ன்னாரு.

யாருக்காவது இப்பிடி இருந்திருக்கா?

---

மஸ்கெலியா_மச்சான் · செவ்வாய், காலை 8.02

மச்சான், நைட் ஷிப்டுன்னா தலைவலிக்கத்தான் செய்யும். நான் கொழும்புல செக்கியூரிட்டியா நாலு வருசம் ராத்திரி வேலை பாத்தேன். கேஸும் இல்ல அடுப்பும் இல்ல, தலைவலி மட்டும் இருந்திச்சி. கண்ணாடி போட்டதும் ஓடிருச்சு. கண்ணை ஒரு தடவை காட்டிப் பாரு.

---

வெள்ளைத்தொப்பி · செவ்வாய், காலை 11.30

அண்ணே, நான் ஆஸ்பத்திரியில தாதி. மச்சான் சொல்றதை இப்போதைக்கு ஒரு பக்கம் வச்சிட்டு எனக்குக் கொஞ்சம் பதில் சொல்லுங்க. லீவு நாள்ல இந்தத் தலைவலி வருதா? பகல் ஷிப்டு ஆளுங்களுக்கு உண்டா? ராத்திரியில அடுப்புப் பக்கம் கதவு ஜன்னல் எப்படி இருக்கும்? அந்தத் தம்பி சிகரெட் பிடிப்பாரா?

---

லிந்துலை_அடுப்பு · செவ்வாய், பின்னேரம் 4.40

தங்கச்சி, இப்பதான் எழும்புனேன். ஞாயித்துக்கிழமை அரைப்பு இல்லாட்டி தலைவலியும் இல்ல. பகல் ஆளுங்களுக்கு அவ்வளவா இல்ல, எப்பவாச்சும் ஒரு நாள். தம்பி நல்லா இழுப்பான், நான் இல்ல.

கதவு சங்கதியை எழுதக் கொஞ்சம் வெக்கமா இருக்கு. அடுப்புப் பக்கத்துச் சுவர் மேல வரிசையா காத்துப் போற துவாரம் இருக்கு. ராத்திரியில மூட்டமும் சாரலும் அது வழியா நேரா முதுகுல அடிக்கும். பழைய அடுப்பு இருக்கையில புகை போகணும்னு தொறந்தே விட்டிருந்தோம். இதுலதான் புகை இல்லையேன்னு கொழுந்து உரப்பையையும் பொலித்தீனையும் வச்சி நாங்களே ஆணி அடிச்சி மூடிட்டோம். பெரிய கதவையும் இழுத்துச் சாத்திட்டு, அந்த மூலையில பெஞ்சைப் போட்டு உக்காந்திருப்போம். சூடா நல்லா இருக்கும்.

---

வெள்ளைத்தொப்பி · செவ்வாய், இரவு 8.10

இன்னைக்கே அந்தப் பொலித்தீனைப் பிடுங்குங்க அண்ணே. மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம், முதல்ல போன் பண்ணி இன்னைக்கு நிக்கிறவங்களுக்குச் சொல்லுங்க.

சொல்லிட்டீங்களா? சரி.

நீங்க சொல்றது காபனோரொட்சைட்டு மாதிரியே இருக்கு. ஓ.எல். விஞ்ஞானத்துல படிச்சிருப்போம். நிறமில்ல, மணமில்ல, கண்ணு எரியாது, இருமலும் வராது. உடம்புக்கு அதைக் கண்டுபிடிக்கிற வழியே கிடையாது. நம்ம இரத்தத்துல ஒட்சிசனைச் சுமக்கிறது ஈமோகுளோபின். அதுல ஒட்சிசன் ஒட்டுறதை விட இந்த வாயு 200, 250 மடங்கு இறுக்கமா ஒட்டும். பஸ்ஸுல சீட்டைப் பிடிச்சவன் இறங்காத மாதிரி. நெஞ்சு நல்லாத்தான் மூச்சு விடும், ஆனா மூளைக்கும் இதயத்துக்கும் ஒட்சிசன் போய்ச் சேராது.

அந்த 98 எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும். விரல்ல மாட்டுற கிளிப்பு வெளிச்சத்தை அனுப்பி இரத்தத்தோட நிறத்தைத்தான் பாக்குது. ஒட்சிசன் பிடிச்ச ஈமோகுளோபினும் இந்த வாயு பிடிச்ச ஈமோகுளோபினும் அதுக்கு ஒரே சிவப்பு. ஆள் மயங்கிக் கிடக்கையிலயும் 98, 99ன்னு காட்டும். எங்க வார்டுக்கு வர்றவங்களும் "கிளிப்பு நல்லாத்தானே காட்டுது"ன்னு சண்டைக்கு வருவாங்க. சரியாத் தெரியணும்னா இரத்தம் எடுத்து, அதுக்குன்னு உள்ள மெஷின்ல பாக்கணும்.

---

ஓய்வு_டீமேக்கர் · செவ்வாய், இரவு 9.55

தம்பி, நான் டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கம் முப்பத்திரண்டு வருடம் டீமேக்கராக இருந்தவன். ஒரு பழைய கதை சொல்கிறேன்.

அந்தக் காலத்து அடுப்பில் புகை ஒரு பக்கம் குழாய்க்குள்ளே போகும், தேயிலைக்குப் போகிற காற்று குழாய்க்கு வெளியே சூடாகும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. குழாய் துருப்பிடித்து மயிரிழை அளவு வெடித்தாலும் புகை காற்றோடு சேர்ந்து தேயிலையில் ஏறிவிடும். எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கொழும்பில் தேத்தண்ணியை வாயில் வைத்துத் துப்புகிறவருக்குத் தெரிந்துவிடும். 'புகை மணம்' என்று ஒற்றை வரியில் அறிக்கை வரும், ஏலத்தில் விலை விழும். அந்தக் கடுதாசி வந்த அன்றைக்கே அடுப்பை அணைத்து, பிரித்து, குழாயை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். தோட்டத்துத் துரை பக்கத்திலேயே நிற்பார்.

நீங்கள் சொல்லும் புதிய அடுப்பில் பர்னர் ஒழுங்காக எரிந்தால் தேயிலையில் எந்த மணமும் ஏறாது. பீப்பாவில் இருந்து கசிவதோ ஆள் நிற்கிற பக்கம். அதனால் கொழும்பிலிருந்து கடுதாசி வரப்போவதில்லை. உங்களுக்கு வரும் தலைவலிதான் கடுதாசி.

---

மஸ்கெலியா_மச்சான் · செவ்வாய், இரவு 10.20

ஐயா சரியா அடிச்சிட்டாரு. என் கண்ணாடிக் கதையை வாபஸ் வாங்கிக்கிறேன்.

---

இரும்புப்_பீப்பா · புதன், காலை 9.05

நான் நானுஓயாக்காரன், இப்ப கொழும்புல இந்த மாதிரி அடுப்பு, பொயிலர் பொருத்துற வேலை. கேஸிபயரைத் திட்ட வரல. விறகைப் பாதியாக் குறைக்க உதவுற நல்ல சாமான். ஆனா அதை 'புகையில்லா அடுப்பு'ன்னு சொல்லி விக்கிறதுல எனக்குக் கோவம் உண்டு.

பீப்பாவுக்குள்ள காத்தைக் குறைச்சி விடுறோம். அடியில எரிஞ்சி வர்ற காபனீரொட்சைட்டு, மேல இருக்கிற செந்தணல் ஊடா ஏறும்போது காபனோரொட்சைட்டா மாறுது. தெரியாத்தனமா வர்ற கழிவு இல்ல இது. வேணும்னே அதைத்தான் செய்யிறோம், ஏன்னா அதுதான் எரியும். விறகுக் கேஸுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு அந்த விசம்.

கணக்கு போட்டுப் பாருங்க. 20 வீதம்ன்னா பத்து லட்சத்துல 2 லட்சம் பங்கு. எங்க பாசையில 2 லட்சம் பிபிஎம். வெளியில வந்து நூறு மடங்கு காத்தோட கலந்த பிறகும் 2000. 1600லயே ஒரு மணித்தியாலத்துல ஆள் முடிஞ்சிரலாம். 400ன்னா ஒண்ணு ரெண்டு மணித்தியாலத்துல நெத்தி வலி, 200ன்னா ரெண்டு மூணு மணித்தியாலத்துல. உங்க ராத்திரி ரெண்டு மணிக் கணக்கு இதோட ஒத்து வருது பாருங்க. எட்டு மணித்தியாலம் வேலை செய்யிற இடத்துல அமெரிக்காக்காரன் சட்டத்துல வச்சிருக்கிற உச்சம் 50. அவங்க ஆராய்ச்சி நிறுவனம் அதுவும் கூட, 35க்கு மேல போகாதீங்கன்னு சொல்லுது.

இரண்டாம் உலகப் போர்ல பெற்றோல் இல்லாம சுவீடன்ல காருக்கும் லொறிக்கும் பின்னால இதே பீப்பாவைக் கட்டி விறகுக் கேஸுல ஓட்டினாங்க. அப்பவே அங்க டிரைவருக்கும் கராஜ்காரனுக்கும் இந்தத் தலைவலி வந்து டொக்டர்மாருக்குப் பழகிப் போச்சு. புது நோய் ஒண்ணும் இல்ல.

அண்ணே, உங்ககிட்ட ஒரே கேள்வி. புளோவர் பீப்பாவுக்கு முன்னால இருந்து ஊதுதா, பின்னால இருந்து இழுக்குதா?

---

லிந்துலை_அடுப்பு · புதன், பகல் 12.15

முன்னால. அடியில இருந்து ஊதுது.

---

இரும்புப்_பீப்பா · புதன், பகல் 12.40

நினைச்சேன். இழுக்கிற வகையில ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள போகும். ஊதுற வகையில ஓட்டை இருந்தா உள்ள இருக்கிறது வெளிய வரும். நீங்க புளோவரை ஓட விட்டுக்கிட்டே மூடியைத் தொறந்தா அந்த 2 லட்சம் பிபிஎம் நேரா முகத்துல அடிக்கும். தம்பி விழுந்தது அப்படித்தான் இருக்கணும்.

மூடி தொறக்குமுன்ன புளோவரை நிப்பாட்டி, கொஞ்சம் பொறுத்து, தலையைச் சாய்ச்சி நின்னு கொட்டுங்க. எப்பவும் ரெண்டாவது ஆள் தள்ளி நிக்கணும். மூடியோட விளிம்புல கேஸ் கசியாம அடைக்கிற கயிறு மாதிரி பட்டி ஒண்ணு ஓடும், வெப்பத்துக்கு அது கருகி நொறுங்கும். எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க, அநேகமா மாத்தியே இருக்க மாட்டாங்க. இன்னொண்ணு, விடியக்காலையில டிரையரை நிப்பாட்டின பிறகும் தணல் மணித்தியாலக் கணக்குல கேஸ் விட்டுக்கிட்டே இருக்கும். பர்னர் அணைஞ்சிருக்கும், கேஸ் போக வழி இருக்காது. நிறைய ஆபத்து தொடங்கும்போதும் நிப்பாட்டும்போதும்தான். திரும்ப மூட்டும்போது 'டொப்'புன்னு ஒரு சத்தம் கேக்குமே?

---

லிந்துலை_அடுப்பு · புதன், பகல் 12.52

கேக்கும். அதை நாங்க 'பீப்பா ஏப்பம் விடுது'ன்னு சிரிப்போம்.

---

இரும்புப்_பீப்பா · புதன், பகல் 12.58

சிரிக்காதீங்க. காத்துல 12.5 வீதத்துல இருந்து 74 வீதம் வரைக்கும் அது வெடிக்கும். மூட்டுமுன்ன நல்லா காத்து விட்டு உள்ள இருக்கிறதைச் சிமினி வழியா வெளியேத்தணும்.

---

கங்காணி_பேரன் · புதன், இரவு 7.30

எங்க தாத்தா கிணறு, குழி எதுல இறங்கினாலும் முதல்ல குப்பி விளக்கைக் கயித்துல கட்டி இறக்குவாரு. அணைஞ்சா இறங்க மாட்டாரு. ஸ்டோருலயும் ஒரு விளக்கை ஏத்தி வச்சா தெரிஞ்சிராதா? காசு செலவில்ல.

---

இரும்புப்_பீப்பா · புதன், இரவு 7.55

தாத்தா செஞ்சது கிணத்துக்குச் சரி. அங்க ஒட்சிசன் குறைஞ்சிருக்கும். விளக்கு அணையணும்னா ஒட்சிசன் 21ல இருந்து 16 வீதம் போல இறங்கணும். இங்க ஆளைக் கொல்ல 0.2 வீதம் விசம் போதும், ஒட்சிசன் அப்படியே இருக்கும். விளக்கு ஜோரா எரிஞ்சிக்கிட்டே இருக்கும், பக்கத்துல ஆள் செத்துக் கிடப்பான். அதனாலதான் இங்கிலாந்துச் சுரங்கத்துல விளக்கை நம்பாம கானரிக் குருவியைக் கூண்டுல கொண்டு போனாங்க. ஹால்டேன்னு ஒரு விஞ்ஞானி சொன்ன யோசனை. 1986 வரைக்கும் இருந்துச்சு.

---

மஸ்கெலியா_மச்சான் · புதன், இரவு 8.01

எங்க ஸ்டோருல குருவிக்குப் பதிலா எலி இருக்கு. அதுங்க ஒண்ணும் சாகிற மாதிரி தெரியல.

---

பூண்டுலோயா_டீச்சர் · புதன், இரவு 9.40

ஸ்டோர் பக்கமே போகாத நான் எதற்கு எழுதுகிறேன் என்றால், இதே சாமான் எங்கள் லயத்துக்குள்ளே வந்தது.

எனக்குப் பத்து வயது. தை மாதப் பனி. சித்திக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரே ஒரு ஜன்னல், அதையும் சாக்கு வைத்து அடைத்திருந்தோம். அம்மாச்சி வாசலில் தகரச் சட்டியில் விறகுக் கரியை மூட்டி, புகை முழுக்க அடங்கும் வரை காத்திருப்பார். "புகை பிள்ளைக்கு ஆகாது" என்பார். கரி மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து, அடியில் செக்கச்செவேல் என்று ஆனதும் உள்ளே கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைப்பார். அம்மாச்சி கவனமில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. கவனமாக இருந்ததே அந்தப் புகையைப் பார்த்துத்தான்.

அன்று நடுச்சாமத்தில் சித்தி வாந்தி எடுத்தார். அம்மாச்சி எழும்பப் பார்த்து விழுந்தார். நான் தலையைத் தூக்கினேன், கால் என் சொல்லைக் கேட்கவில்லை. குழந்தை அழவே இல்லை. அந்த நேரம் மாமா தவறணையிலிருந்து வழக்கம் போல நிறையப் போட்டுக்கொண்டு வந்து, கதவைத் திறக்கத் தெரியாமல் காலால் உதைத்தார். தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு விழுந்தது. அவர் அதை நிமிர்த்தாமல் வாசலிலேயே படுத்துவிட்டார். அந்தக் குளிர்க்காற்றில்தான் நாங்கள் பிழைத்தோம். மாமா குடித்ததற்கு நன்றி சொன்ன ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மறுநாள் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று கோயிலில் திருநீறு போட்டார்கள். அடுத்த இரவு சட்டி மறுபடி உள்ளே வந்தது. கதவு மட்டும் உடைந்திருந்ததால் சாத்த முடியவில்லை. ஏ.எல். உயிரியல் வகுப்பில் இந்த வாயுவைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு அந்த இரவு புரிந்தது.

---

வெள்ளைத்தொப்பி · புதன், இரவு 10.25

டீச்சர், உங்க சித்தி பிள்ளை இப்ப நல்லா இருக்கா? கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இது இன்னும் மோசம். வயித்துப் பிள்ளையோட இரத்தத்துல இந்த வாயு தாயை விடக் கூடுதலா ஏறும், இறங்குறதும் மெதுவா. தாய் எழும்பி நடமாடினாலும் பிள்ளைக்கு ஆபத்து தீர்ந்துச்சுன்னு சொல்ல ஏலாது.

நம்ம ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல ஏறக்குறைய 80 வீதம்தான். ஏற்கெனவே ஒட்சிசன் கம்மி. அதுக்கு மேல இது.

நிறையப் பேர் தனிச்செய்தியில கேட்டதால இங்கயே எழுதுறேன். பால் குடிச்சா, தேசிக்காய்ச் சாறு குடிச்சா, ஈரத்துணி கட்டினா ஒண்ணும் நடக்காது. கொரோனா மாஸ்க்கும் பிரயோசனமில்ல. ஆளைத் திறந்த வெளிக்குக் கொண்டு வரணும், 1990க்கு அடிச்சி அம்புலன்ஸ் கூப்பிடணும், "அடுப்புக் கேஸ் அடிச்சது"ன்னு அந்த வார்த்தையிலயே சொல்லணும். சும்மா மயக்கம்ன்னா குளுக்கோஸ் ஏத்திட்டு விட்டுருவாங்க. சாதாரணக் காத்துல இரத்தத்துல ஏறுனது பாதியா இறங்க நாலஞ்சு மணித்தியாலம். மாஸ்க்கு வச்சி முழு ஒட்சிசன் குடுத்தா ஒண்ணு, ஒண்ணரை மணித்தியாலம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அதுலதான் மூளை தப்பும்.

இன்னொரு விசயம். மயங்கி விழுந்தவங்க ரெண்டு நாள்ல நல்லாகி வேலைக்குப் போவாங்க. ஒண்ணு ரெண்டு கிழமை, சில நேரம் ஒரு மாசம் கழிச்சி மறதி, நடை தடுமாற்றம், குணமாற்றம்ன்னு வரலாம். வீட்டாளுங்க பேய் பிடிச்சிருச்சு, குடிக்கப் பழகிட்டான்னு நினைப்பாங்க.

---

பூண்டுலோயா_டீச்சர் · புதன், இரவு 10.31

நன்றாக இருக்கிறாள், பதுளையில் ரெண்டு பிள்ளைக்குத் தாய்.

---

ஹட்டன்_ஹார்ட்வெயார் · வியாழன், காலை 8.15

ஜெனரேட்டரையும் சேத்துக்கங்க. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப நம்ம பஜார்ல பாதிப் பேர் கடைக்குள்ள ஷட்டரைப் போட்டுக்கிட்டு ஜெனரேட்டர் ஓட்டினாங்க. நானும்தான். மத்தியானமானா எல்லாருக்கும் தலைவலி, நாட்டு நிலைமையை நினைச்சி வருதுன்னு நினைச்சோம். அப்புறம் நுவரெலியா லொட்ஜுகள்ல பாத்ரூமுக்குள்ளயே மாட்டி வைக்கிற கேஸ் கீசர். வெளிய குழாய் போடாம வித்துக் குடுக்கச் சொல்லி வருவாங்க. நான் குடுக்கிறதில்ல.

---

நோர்வூட்_நேசன் · வியாழன், காலை 10.00

கக்கூஸ் குழி துப்புரவு பண்ணப் போயி மயங்குறதும் இதே கேஸா? எங்க தோட்டத்துல (பேர் நீக்கப்பட்டது) கொம்பனி நிர்வாகம் ஆளைச் சும்மா இறக்கிச்சு.

*[நடத்துநர்: கொம்பனிப் பேரை எடுத்திருக்கேன். சம்பவத்தை எழுதலாம், பேர் வேண்டாம்.]*

---

இரும்புப்_பீப்பா · வியாழன், காலை 10.45

அது வேற. குழியில இருக்கிறது ஐதரசன் சல்பைட்டு, அழுகின முட்டை நாத்தம். ஆனா 100 பிபிஎம் தாண்டினா சில நிமிசத்துல மூக்கு மரத்துப் போயிரும், நாத்தம் நின்னுரும். ஆள் 'இப்ப பரவால்ல'ன்னு இறங்குவான். ரெண்டுக்கும் பொதுவானது ஒண்ணு இருக்கு: விழுந்தவனைத் தூக்க அப்பிடியே பின்னால குதிக்கிறவனும் விழுவான். இதை வேற இழையில பேசுவோம், அண்ணன் அடுப்பு இன்னும் முடியல.

அண்ணே, காபனோரொட்சைட்டை அளக்க என்கிட்ட சட்டைப் பையில மாட்டுற மீட்டர் ஒண்ணு இருக்கு. 35க்கு ஒரு சத்தம், 200க்கு இன்னொரு சத்தம். இன்னைக்கு ராத்திரி பஸ் கொண்டக்டர்கிட்ட குடுத்து விடுறேன். தலவாக்கலை ஸ்டேண்டுல வாங்கிக்கங்க. திருப்பித் தரணும், சொந்தக் காசு!

---

பூண்டுலோயா_டீச்சர் · வியாழன், மாலை 6.20

மீட்டர் எண்ணிக்கையைத் தேதி, நேரம், நின்ற இடம் என்று கொப்பியில் எழுதுங்கள். தம்பி விழுந்த அன்றைய சம்பவத்தையும், டிஸ்பென்சரித் துண்டையும் சேர்த்து, நிர்வாகத்துக்குக் கடிதமாகக் கொடுத்து பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஸ்டோருக்கும் பொருந்தும். தொழில் திணைக்களத்தில் இதற்கென்றே தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர் இருக்கிறார். தம்பிக்கு ஏதாவது நிரந்தரப் பாதிப்பு என்றால் 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டமும் உண்டு. தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் போகலாம், போகும்போது கொப்பியோடு போங்கள்.

---

லிந்துலை_அடுப்பு · ஞாயிறு, காலை 8.30

ரெண்டு ராத்திரிக் கணக்கு எழுதுறேன்.

வெள்ளி ராத்திரி. பொலித்தீனைப் பிடுங்கியாச்சு, ஆனா வாசல் கதவு சாத்திதான் இருந்திச்சி, சாரல் அப்பிடி. பெஞ்சுல உக்காந்திருக்கிற எடத்துல 11 மணிக்கு 38, ஒரு மணிக்கு 64, ரெண்டரைக்கு 91. மீட்டரு கத்திக்கிட்டே இருந்திச்சி. மூடியைத் தொறக்க புளோவரை நிப்பாட்டித்தான் போனேன், அப்பவும் படியில 400 தாண்டி நம்பர் ஏறிச்சி. நான் முழுசாப் பாக்கல, இறங்கிட்டேன்.

சனி ராத்திரி. கதவு முழுக்கத் தொறந்து, பெஞ்சை வாசலுக்கு வெளிய தாழ்வாரத்துல போட்டோம். உள்ள 14, 18, கூடிப் போனா 22. தலைவலி இல்ல. குளிருதான் உயிரை எடுக்குது. ரெண்டு சுவெட்டர், மேல சாக்கு.

தொரை சத்தம் கேட்டு அவராவே வந்தாரு. என்ன ஊதுதுன்னாரு. மீட்டரை அவர் சட்டையில மாட்டி படி வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். பாதியில திரும்பிட்டாரு. மூடிப் பட்டி மாத்த ஆள் வருதாம். பெரிய காத்தாடி ஒண்ணு சுவர்ல வைக்கக் கேட்டிருக்கேன், பாப்போம்ன்னாரு. கொப்பியில அதையும் எழுதிட்டேன் டீச்சர், அவர் சொன்ன நேரத்தோட.

---

ஓய்வு_டீமேக்கர் · ஞாயிறு, காலை 9.10

மூடிப் பட்டி வந்ததும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள் தம்பி. குமிழி வந்தால் கசிவு. ஆறின பீப்பாவில், புளோவர் மட்டும் ஓட விட்டு.

---

வெள்ளைத்தொப்பி · ஞாயிறு, பகல் 1.15

அண்ணே, நல்லது. ஆனா விழுந்த தம்பியைப் பத்தி ஒண்ணும் எழுதலையே. இன்னைக்கு ஒன்பதாவது நாள். எப்படி இருக்கார்?

---

லிந்துலை_அடுப்பு · ஞாயிறு, பின்னேரம் 5.50

அவன் வேலைக்கு வாறான். பகல் ஷிப்டுக்கு மாத்தி விட்டிருக்கு. நல்லாத்தான் இருக்கான்னு எழுதத்தான் போனைக் கையில எடுத்தேன். அப்புறம் யோசிச்சிப் பாத்தேன்.

முந்தாநாள் பெரட்டுக்களத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அஞ்சடி தூரம்தான். திரும்பக் கொஞ்ச நேரம் எடுத்திச்சி. நேத்து ஸ்டோருக்கு வந்திட்டு ரெண்டு தடவை செருப்பைத் தேடுனான், கால்ல போட்டுக்கிட்டு. எல்லாரும் சிரிச்சோம்.

---

வெள்ளைத்தொப்பி · ஞாயிறு, மாலை 6.02

நாளைக்கே கூட்டிட்டு வாங்க அண்ணே. கிளினிக் நாளான்னு பாக்க வேணாம், நேரா வாங்க. கூடவே அவர் வீட்டாளு ஒருத்தர் வரணும், அவருக்கே தெரியாததை அவங்கதான் சொல்லுவாங்க. அந்தக் கொப்பியையும் எடுத்துட்டு வாங்க.

---

லிந்துலை_அடுப்பு · ஞாயிறு, மாலை 6.20

அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன். மொத பஸ் 5.20க்கு.